இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த ஸ்கூபா வகுப்பு

தண்ணீருக்கு அடியில் உயிரோடு இருப்பது எப்படி என்று ஊராருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு இருந்த ஒரே தகுதி, இடுப்பளவுத் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி சாகப் பார்த்தது. இதை என் மாணவர்களிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்வேன். மீதியைச் சொல்லும் கட்டம் வரும்போது எங்கிருந்தோ ஓர் இருமல் வந்துவிடும்.

எங்கள் பயிற்சிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேடம், எல்லா இடத்துலயும் முதல்ல மூச்சு விடத்தானே சொல்லிக் கொடுப்பாங்க? நீங்க ஏன் 'காற்று இல்லை'ன்னு சைகை காட்டறதுல ஆரம்பிக்கறீங்க? அதுவும் ஏன் ரெண்டு கையாலயும்?" நான் பாதுகாப்பு, உலகத் தரம், நீண்ட அனுபவம் என்று பெரிய வார்த்தைகளாகப் பார்த்து எடுத்து விடுவேன். உண்மையான காரணம் கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற பகுதியிலுள்ள ஒரு குட்டையும், ஒரு சட்டி நாட்டுக்கோழிக் குழம்பும், என் வாய்க்கொழுப்பும்தான்.

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத்துக் கோடை. எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அப்பாவுக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெள்ளாமை. எங்கள் வகையறாவில் கடலைப் பார்த்தவர்கள் என்றால் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனவர்கள்தான், அவர்களும் கணுக்கால் நனைத்துக்கொண்டு திரும்பியவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த என்னைக் கல்லூரியிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே சங்கு குளிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர், முதுகில் சிலிண்டரை மாட்டி என்னைத் தண்ணீருக்குள் இறக்கினார். கொஞ்ச நேரம்தான் இருந்திருப்பேன். ஒரு மீன் என் முகத்துக்கு நேரே வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது. (அது என்னை மதித்ததாகவே இன்றுவரை நம்புகிறேன்.) மேலே வந்தபோது இனி எனக்கு வேறு வேலை கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன்.

விடுமுறையில் மறுபடியும் தூத்துக்குடிக்குப் போய்த் தோழி வீட்டில் தங்கி, மாஸ்டரிடம் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம். ஆனால் ஊர் திரும்பும் பஸ்ஸில் அது வளர்ந்துகொண்டே வந்தது. மதுரையைத் தாண்டும்போது நான் நல்ல முக்குளிப்பாளர். கரூர் வரும்போது பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். வீட்டுப் படியேறும்போது "மணிக்கணக்காத் தண்ணிக்குள்ளயே இருப்பேனுங்கப்பா" என்று சொன்னது என் வாய்தான்.

அந்தமானில் ஸ்கூபா பயிற்சியாளர்களை உருவாக்கும் ஓர் இடம் இருப்பதாகவும், அங்கே தன் பேரைச் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் மாஸ்டர் சொல்லியிருந்தார். அதே நேரத்தில் என் தாய்மாமன் ராசிபுரத்தில் நெய்க்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார். நல்ல பையன்தான். ஆனால் எனக்கு நெய்க்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னை நினைத்தாலே மூச்சு முட்டியது. (மூச்சு முட்டுவது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.)

அப்பா அதிகம் பேச மாட்டார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கண்ணு, நீ பேசறது எனக்கு வெளங்குல. எம் முன்னாடி யாராச்சும் ஒருத்தருக்கு அதைச் சொல்லிக் குடு. அவிய தண்ணிக்குள்ள போயி நல்லபடியா மேல வரட்டும். வந்துட்டா நீ அந்தமான் போ. இல்லீன்னா ராசிபுரம். அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

அந்தமானா, ராசிபுரமா என்பது இப்படி ஒரு மாணவரின் தலை தண்ணீருக்கு மேலே வருவதில் வந்து நின்றது.

மாஸ்டரைக் கெஞ்சி இரண்டு பழைய செட் கடன் வாங்கினேன். தரும்போது அவர் ஒன்று சொன்னார். "முதல்ல மூச்சு. ரெண்டாவது, காத்து இல்லைன்னு சொல்றது. இந்த ரெண்டும் தெரியாத ஆளை முழங்கால் தண்ணியிலகூட இறக்காதேம்மா." தலையை நன்றாக ஆட்டினேன். எனக்குத் தலை மட்டும் எப்போதும் நன்றாக ஆடும்.

அந்தக் கோடையில் எங்கள் ஊர்க் கிணறுகளில் தவளைக்கே தண்ணீர் போதவில்லை. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், கொல்லிமலையிலிருந்து பலாவும் மிளகும் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் வழி சொன்னார். வளப்பூர் நாட்டில் அவருக்குப் பழக்கமான ஒரு குடும்பம். அவர்கள் வயலுக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் நிற்கும் ஒரு குட்டை. வீட்டுக்காரம்மா செல்லம்மாக்கா நன்றாக நீந்துவார், எதையும் செய்து பார்க்கத் துணிந்தவர். சொந்தக்காரர்கள் கண்ணில் படாத இடம் என்பதால் எனக்கும் மலை பிடித்திருந்தது. சிலிண்டர்களைச் சாக்கில் சுற்றி, அப்பாவும் நானும் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கேஸ் சிலிண்டரெல்லாம் ஏத்தக் கூடாதுங்க. கொண்டை ஊசி வளைவுல உருண்டுச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"கேஸ் இல்லீங்ணா. வெறும் காத்துதானுங்க."

"காத்துங்களா?" அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி திரும்பினார். "கொல்லிமலைக்கு ஒரு பாப்பா காத்துக் கொண்டு போகுதுங்கோ! அங்க இல்லாத காத்தைப் பாத்துக்குங்க!"

பஸ்ஸே சிரித்தது. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா? "இது தூத்துக்குடிக் காத்துங்க. சுத்தம் பண்ணி அடைச்சது. கடல்ல எறங்கறவங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க" என்று பெருமையாக அறிவித்தேன்.

நாங்கள் செல்லம்மாக்கா வீட்டில் சாக்கை அவிழ்ப்பதற்குள் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தூத்துக்குடிக் காத்தை மோந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். கடலைப் பார்க்காதவர்கள் கடற்காற்றையாவது பார்க்கட்டுமே என்று எனக்கும் தாராள மனசு வந்துவிட்டது. வாய்க்குழாயை நீட்டி, பொத்தானை அமுக்கி, ஒவ்வொருவர் முகத்திலும் 'புஸ்' என்று ஊதிவிட்டேன். ஒருவர் கண்ணை மூடி ரசித்து, "உப்புக் கரிக்குதுங்க" என்றார். இன்னொருவர் தன் மாமியாருக்கு மூச்சிரைப்பு என்று மறுநாள் அவரைக் கூட்டிவந்து ஒரு மடக்கு வாங்கிப் போனார். இத்தனையும் என் சிலிண்டரிலிருந்துதான். செல்லம்மாக்காவின் சிலிண்டரைத் தொடவில்லை, மாணவரின் பாதுகாப்பு முக்கியம் அல்லவா? எனக்கு வாழ்க்கையில் வந்த ஒரே நல்ல புத்தி அது.

வகுப்பு வீட்டுக் களத்தில் நடந்தது. அப்பா பலா மரத்து நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மூச்சை அடக்கவே கூடாதுங்க்கா. தண்ணிக்குள்ள மூச்சு விட்டுக்கிட்டே இருக்கோணும்."

"விட்டுக்கிட்டே இருந்தா எப்பக் கண்ணு இழுக்கறது?"

நியாயமான கேள்வி. இழுப்பதையும் விடுவதையும் இங்கிலீஷ் பாடம் ஒரே சொல்லில் முடித்துவிடும், அதைத் தமிழில் 'மூச்சு விடு' என்று சொன்னால் ஒரு கையை மட்டும் வீசி நடப்பதுபோல் ஆகிவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "எழுத்துலதான் அப்படிங்க்கா. நீங்க இழுத்துட்டு விடுங்க" என்று சமாளித்தேன். காலில் மாட்டும் துடுப்புக்குப் பேர் கேட்டார். வாயில் வந்ததை, 'தவளைச் செருப்பு' என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அது சரி கண்ணு, இதுல காத்து தீந்துருச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டது செல்லம்மாக்கா அல்ல. பலா மரத்தடியிலிருந்து அப்பா.

மாஸ்டர் சொன்ன இரண்டாவது பாடத்தை எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கழுத்துக்குக் குறுக்கே கையை வைத்து அறுப்பதுபோல் காட்ட வேண்டும், அதுதான் 'காற்று இல்லை' என்பதற்கான சைகை. அதை நான் எடுத்திருந்தால் காற்று தீரும் என்பதை அப்பா முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். மகளைத் தீர்ந்துபோகும் காற்றை நம்பிக் கடலுக்கு அனுப்ப எந்த அப்பன் சம்மதிப்பான்? ராசிபுரத்து நெய் என் மூக்கில் மணத்தது.

"அதெல்லாம் தீராதுங்கப்பா" என்றேன். "அப்படியொரு பாடமே கெடையாதுங்க."

அப்பா தலையசைத்தார். அந்தப் பாடம் அதோடு என் பயிற்சியிலிருந்து நீங்கியது.

பரீட்சை நாளன்று காலையில் செல்லம்மாக்கா இலை போட்டார். தண்ணீரில் இறங்குவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது என்று நானே பாடம் எடுத்திருந்தேன். ஆனால் சாமைச் சோற்றின் மேல் அந்தக் கோழிக் குழம்பு விழுந்த பிறகு பாடமாவது ஒன்றாவது. ஒரு கட்டத்தில் உண்மையாகவே முடியவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளிகள் செய்வதுபோல் கையைக் கிடையாகக் கழுத்தில் வைத்துக் காட்டினேன்.

"கழுத்து மட்டும் ஆயிருச்சுங்க்கா." கழுத்து வரைக்கும் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

விருந்தாளி அப்படிக் காட்டினால் வீட்டுக்காரர் அதோடு நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் மனசில்லாமல் போட்டார்கள் என்று ஆகிவிடும். எழப் பார்க்கும் விருந்தாளியின் தோளை அமுத்தி உட்காரவைத்து இன்னொரு கை போட வேண்டும். அதுதான் மரியாதை. செல்லம்மாக்கா மரியாதை தெரிந்தவர்.

"அதெல்லாம் முடியாது. செத்த உக்காருங்க கண்ணு" என்று என் இரண்டு தோளையும் அமுத்தினார். இன்னொரு கை சோறு விழுந்தது. அதன் பிறகு பலாச்சுளை வேறு.

குட்டைக்குப் போனோம். கரையில் அப்பா, மச்சான், தூத்துக்குடிக் காத்தை மோந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். உடம்பு அடியில் தங்குவதற்கு இடுப்பில் ஈயக்கட்டி கட்ட வேண்டும். அதை நான் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். மிளகு நிறுக்கும் எடைக்கற்களை மச்சான் வாங்கிவந்தார். அவற்றைத் துண்டில் முடிந்து கட்டிக்கொண்டோம். பயிற்சியாளருக்கு எடை அதிகம் இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்துப் பெரிய கற்களை நான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் செல்லம்மாக்கா தன் துடுப்புகளைக் கழற்றி, கரையில் எல்லாருடைய செருப்புகளோடும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, அதைப் போட்டுக்கிட்டுத்தான் எறங்கோணும்!"

"இது கன்னிமார் சாமி இருக்கற தண்ணிங்க கண்ணு. செருப்போட நாங்க எறங்க மாட்டோம்."

"அது செருப்பு இல்லீங்க்கா!"

"நீங்கதானே தவளைச் செருப்புன்னீங்க?"

என்னுடையதையும் கழற்றி அந்த வரிசையிலேயே வைத்தேன். கடைசியாக என் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். முள் சிவப்பில் படுத்திருந்தது. வெயிலில் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரையிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது மீட்டரை இரண்டாம் முறை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓரத்தில் தண்ணீர் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து தொடங்கி, பிறகு நடுவுக்குப் போவது என் திட்டம். வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். தண்ணீர் தலைக்கு மேலே மூடியது. உள்ளே கண்ணாடிபோல் தெளிவு. செல்லம்மாக்கா அற்புதமாக மூச்சு விட்டார். இழுத்தார், விட்டார், இழுத்தார், விட்டார். முதல் மாணவியைப் பார்த்து எனக்கு நெஞ்சு விம்மியது. அது விம்மல் இல்லை, காற்று வரவில்லை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இழுத்தேன், இறுக்கமாக வந்தது. மறுபடி இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

மாஸ்டர் கற்றுக்கொடுத்த சைகை தானாக வந்தது. கையைக் கிடையாகக் கழுத்தில் வைத்தேன்.

மாஸ்க் கண்ணாடிக்குள் செல்லம்மாக்காவின் கண்கள் சிரித்தன. காலையில் இலை முன்னால் பார்த்த அதே கை, அதே கழுத்து. அவர் தலையைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டினார். அதெல்லாம் முடியாது என்று அர்த்தம். எழப் பார்த்த என் இரண்டு தோளையும் பிடித்து, அன்பாக, நன்றாக அமுத்தி உட்காரவைத்தார்.

மறுபடியும் கழுத்தில் கையை வைத்தேன். மறுபடியும் அமுத்தினார். போதாதற்கு, பக்கத்துக் கல்லுக்கடியில் இருந்த ஒரு நண்டை எனக்குக் காட்டினார். விருந்தாளியைப் பேச்சுக் கொடுத்து இருக்கவைப்பது என்பார்களே, அது தண்ணீருக்குள் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இடுப்பில் கிலோக் கிலோவாக எடைக்கல், தோளில் மரமேறி மிளகு பறித்து உரமேறிய இரண்டு கைகள், காலில் சேறு. நான் வாய்க்குழாயைத் துப்பினேன், குட்டையைக் குடிக்க ஆரம்பித்தேன், கையையும் காலையும் உதறினேன். உபசாரத்தின் உச்சத்தில் சில விருந்தாளிகள் இப்படித்தான் அடம் பிடிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடைசியில் என் மாஸ்க்கைப் பார்த்தவர் உள்ளே இருந்த கண்களைப் பார்த்துப் பதறி, எடைக்கல் முடிச்சிலேயே பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.

தண்ணீர் என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. ஸ்கூபா பயிற்சியாளர் கோகிலாவாகிய நான், மூக்கில் தண்ணீர் ஒழுக, ஊர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்பா! காத்து தீந்துருச்சு!"

மலையில் எதிரொலி நன்றாகக் கேட்கும். அது என் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன் பிறகு காலையில் சாப்பிட்ட சாமைச் சோறும் திரும்ப வந்தது. பலாச்சுளை முழுசாகவே வந்தது.

அப்பா குட்டைக்குள் இறங்கி வந்திருந்தார். என்னைத் துண்டால் துடைத்துவிட்டு, முதலில் செல்லம்மாக்காவிடம்தான் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"எனக்கென்னுங்க. நெம்ப நல்லாருந்துச்சு. நண்டு குஞ்சோட இருக்குது" என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார். "பாப்பா கழுத்துல கை வெச்சுதுங்க. வவுறு நெறைஞ்சுருச்சாட்டம் இருக்குதுன்னு, இன்னும் செத்த இருங்கன்னு அமுத்தினேனுங்க. எனக்கென்ன தெரியும்?"

அவருக்குத் தெரியாதுதான். தெரிய வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் நான். அதைக் கரையில் யாரும் யோசிக்கவில்லை. செல்லம்மாக்கா சொன்னதைக் கேட்டு முதலில் மச்சான் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த செல்லம்மாக்காவே கடைசியில் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். 'தீராதுன்னியே' என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காமல் விட்டதால் அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

இறங்கும் பஸ்ஸிலும் அதே கண்டக்டர். "காத்தெல்லாம் வித்துத் தீந்துருச்சுங்களா பாப்பா?" என்றார். செய்தி மறுபடியும் எனக்கு முன்னால் போயிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதிக் கணகணத்தன. ராசிபுரம் என்று என் தலைக்குள் நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வளைவு தாண்டியதும் அப்பா வாயைத் திறந்தார்.

"சொல்லிக் குடுத்தவிய நல்லபடியா மேல வரோணும்னேன். அந்தம்மா வந்துட்டாங்க. நீ அந்தமானுக்குப் போ."

"அப்பா..."

"போயி ஒழுங்காக் கத்துக்க. மாமங்கிட்ட நான் பேசிக்கறேன்."

நான் அழுதேன். இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் மகள்மேல் இத்தனை நம்பிக்கை வைக்கும் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அந்தமானில் கற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊர் திரும்பி, சேலத்தில் ஒரு நீச்சல் குளத்தில் தமிழிலேயே பயிற்சி ஆரம்பித்தேன். பிறகு அது கடற்கரைக்குப் போனது. பாடங்கள் மெல்ல மெல்ல உருவாயின என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறோம். மெல்லவெல்லாம் இல்லை. பெரும்பாலானவை அந்த ஒரே காலையில் உருவானவை. துடுப்பைத் துடுப்பு என்று மட்டும்தான் சொல்வோம். 'மூச்சு விடு' என்று சொல்ல மாட்டோம், 'இழு, விடு' என்றுதான் சொல்வோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் மாணவர்தான் பயிற்சியாளரின் மீட்டரைப் படித்து உரக்கச் சொல்ல வேண்டும், அதுவரை நான் இறங்க மாட்டேன். காற்று தீரும் என்பதைத்தான் முதல் வகுப்பில், முதல் வாக்கியமாகச் சொல்வோம். அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களையும் உட்காரவைத்துச் சொல்வோம். கழுத்தில் ஒரு கை வைத்தால் நம் ஆட்களுக்குச் சோறுதான் நினைவுக்கு வரும் என்பதால் இரண்டு கையையும் குறுக்காக வைக்கப் பழக்குகிறோம். தண்ணீருக்கடியில் யார் தோளையும் யாரும் அமுத்தக் கூடாது என்றும் ஒரு விதி வைத்திருக்கிறேன். வேறு எந்த ஊர்ப் பயிற்சியிலும் அந்த விதியை நான் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் நான் பாயசம் ஊற்றிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர், எனக்கு அறிமுகம் இல்லாதவர், இலையைக் கையால் மறைத்தார்.

"போதுங்க. கோகிலா ஆயிருச்சு."

வாளியைக் கீழே வைத்தேன். "என்னங்க ஆயிருச்சு?"

"கோகிலாங்க. கழுத்து மட்டும் தின்னு, மூச்சு விட முடியாமப் போயிட்டா இந்தப் பக்கமெல்லாம் அப்படித்தானுங்க சொல்றாங்க." அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "பழைய வார்த்தையாட்டம் இருக்குதுங்க."

அவருக்கு அடுத்த இலை அப்பாவுடையது. அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, பாயசம் ஊற்றும் சாக்கில், மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, இது எத்தனை நாளா நடக்குதுங்க?"

"நீ அந்தமான் போன மாசத்துல இருந்தே."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்களே."

"தெரியக் கூடாதுன்னுதானே கண்ணு அனுப்பினேன்."

"நம்பிக்கையில அனுப்பினீங்கன்னு நெனைச்சேனுங்க."

"நம்பிக்கையா?" அப்பாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அந்த மாசம் முச்சூடும் முகூர்த்தம். நான் போயி உக்காந்த பந்தியிலயெல்லாம் கழுத்துல கை வெச்சுக் காட்டி என்ற தோளை அமுத்துனாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே தின்னுட்டு வந்தேன். உன்னைய உக்கார வெச்சு அமுத்தறதை நான் எப்படிச் சாமி பாக்கறது?"

அந்தமானில் நான் மீன்களோடு நீந்திக்கொண்டிருந்த நாளெல்லாம் எனக்குப் பதிலாக அப்பா பந்திகளில் உட்கார்ந்திருக்கிறார். வெட்கத்தில் எனக்கு நிமிரவே முடியவில்லை. அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவர் வேண்டாம் என்று கை காட்டவில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனேன். அங்கேயும் யாருக்கோ கோகிலா ஆகியிருந்தது.